திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம் போடுகிறார்கள்?

உறையூர்க்காரன் (#1)

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் நேரடி விமானம் பற்றி ஒரு சந்தேகம். 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ இந்தத் தடத்தை ஏ.டி.ஆர். என்ற சின்ன விசிறி விமானத்தில் தொடங்கியபோது பயண நேரம் ஏறக்குறைய 1 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். தூரத்தைத் தேடினால் ஒரு தளம் 184 என்கிறது, இன்னொன்று 114 என்கிறது, மூன்றாவது 99. நானே ஆயத்தொலைவு வைத்துக் கணக்குப் போட்டால் 208 கி.மீ. வருகிறது. நான் எடுத்த எண்கள்: திருச்சி 10.45, 78.42. பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) 9.47, 80.04.

எது சரி? ஏ.டி.ஆர். மணிக்கு 500 கி.மீ. பறக்கும் என்றால் 25 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டுமே, மீதி நேரம் எங்கே போகிறது? அழைத்துப் போக வருகிறவர்களுக்குச் சரியான நேரம் சொல்லணும், அதனால்தான் கேட்கிறேன்.

திசைகாட்டி (#2)

184, 114, 99 மூன்றுமே சரி. கிலோமீட்டர், தரை மைல், கடல் மைல் என்று அலகுதான் வேறு. சில தளங்கள் அலகைப் பொடி எழுத்தில் போட்டுவிடுவதால் வரும் குழப்பம் இது.

தப்பாக இருப்பது உங்கள் 208 மட்டும். திருச்சி 10 டிகிரி 45 நிமிடம். அதைப் 10.45 என்று தசமமாக எடுத்துவிட்டீர்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் உண்மையான தசமம் 10.75-க்குக் கொஞ்சம் மேலே வரும். நான்கு எண்ணிலும் இதே பிழை. மொத்தத்தில் 24 கி.மீ. கூடிவிட்டது. இந்தத் தப்பைப் பலரும் செய்கிறார்கள், ஏனென்றால் விடை நம்பும்படியாகவே வருகிறது. 2,000 கி.மீ. என்று வந்திருந்தால் உடனே பிடித்திருப்பீர்கள்.

தசமமாக மாற்றாமலே போடலாம். கடல் மைல் என்ற அலகே அட்சரேகையின் ஒரு நிமிடத்தை வைத்து வந்ததுதான்.

திருச்சி: வடக்கு 10° 45′, கிழக்கு 78° 42′
பலாலி: வடக்கு 9° 47′, கிழக்கு 80° 04′

வடக்கு–தெற்கு வித்தியாசம் 58 நிமிடம், அதாவது 58 கடல் மைல். கிழக்கு–மேற்கு வித்தியாசம் 82 நிமிடம். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் இதை மட்டும் சராசரி அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். சராசரி 10° 16′, கொசைன் 0.984. 82 × 0.984 = 80.7. இனி பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான்: 58-இன் வர்க்கம் 3,364, 80.7-இன் வர்க்கம் 6,512, கூட்டினால் 9,876, வர்க்கமூலம் 99.4. ஆகத் தூரம் 99.4 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 184 கி.மீ.

இவ்வளவு சின்னத் தூரத்துக்குக் கோள முக்கோணவியல் சூத்திரம் போட்டாலும் விடை அரை கிலோமீட்டர்கூட மாறாது. சென்னை – டெல்லி போன்ற தூரங்களுக்குத்தான் அது வேண்டும்.

திசையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்: உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 126 டிகிரி, தென்கிழக்கு.

உறையூர்க்காரன் (#3)

நன்றி சார். தூரம் தெளிவாகிவிட்டது. அப்படியானால் நேரக் கணக்கு இன்னும் மோசமாகிறதே? 99 கடல் மைலை 270 நாட் (மணிக்கு 270 கடல் மைல்) வேகத்தில் வகுத்தால் 22 நிமிடம்தான்.

பறப்புத் திட்டம் (#4)

270 நாட் என்பது உயரத்தில், மட்டமாகப் பறக்கும்போது கிடைக்கும் வேகம். இந்தத் தடத்தில் அந்த நிலை நீடிப்பதே ஐந்து ஆறு நிமிடம்தான். பகுதி பகுதியாகப் பார்த்தால் புரியும்.

முதலில் உயரம். கிழக்குப் பாதித் திசையில் (0 முதல் 179 டிகிரி) போகிறவர்கள் ஒற்றைப்படை ஆயிரம், மேற்குப் பாதியில் போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரம் என்பது விதி. 126 டிகிரி என்பதால் போகும்போது 11,000 அல்லது 13,000 அடி, திரும்பும்போது 12,000 அல்லது 14,000. ஏ.டி.ஆர். 25,000 அடி வரை ஏறக்கூடியதுதான். ஆனால் இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் வேண்டும். 20,000 அடிக்குப் போனால் இறங்க 60 மைல், ஏற 55 மைலுக்கு மேல். கூட்டினால் மொத்தத் தூரத்தையே தாண்டிவிடும்.

13,000 அடி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது:

– சக்கரக் கட்டையை எடுத்து, எஞ்சின் சரிபார்த்து, ஓடுபாதை முனைக்குப் போய் நிற்க: 9 நிமிடம்
– ஏற்றம், சராசரி நிமிடத்துக்கு 1,200 அடி: 11 நிமிடம், அதற்குள் 37 மைல்
– மட்டப் பறப்பு: மிச்சம் 23 மைல், 5 நிமிடம்
– இறக்கம்: 39 மைல், 10 நிமிடம்
– சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராக்கித் தரையைத் தொட: 6 நிமிடம்
– ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம், கட்டை போடும் வரை: 4 நிமிடம்

கூட்டினால் 45. இதில் காற்றில் இருப்பது 32 நிமிடம். டிக்கெட்டில் போடுவது காற்றில் இருக்கும் நேரம் இல்லை, கட்டை எடுத்ததிலிருந்து கட்டை போடும் வரையான நேரம். அதன்மேல் 10–15 நிமிடம் இடைவெளி சேர்த்துத்தான் 1 மணி நேரம் என்று போடுகிறார்கள்.

சுன்னாகம் வடக்கு (#5)

அந்த "சுற்றி வந்து நேராக்க 6 நிமிடம்" எண்ட வரியைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும். கூடக் குறைய வாறது அதிலதான்.

நேர்கோடு கந்தர்வகோட்டைக்கு மேலால போய், மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில கடலுக்கு மேல வரும். கிட்டத்தட்டப் பாதித் தூரம் தரை, பாதித் தூரம் பாக்குநீரிணைப் பக்கத்துக் கடல். அந்தக் கோடு கரையைத் தொடுறது காங்கேசன்துறையில. அதுக்குப் பக்கத்திலதான் பலாலி. அதால நேர வந்து இறங்கலாம் எண்டு நினைப்பியள். ஆனால் ஓடுபாதை 05/23, அதாவது வடகிழக்கு–தென்மேற்கு. விமானம் வாறது வடமேற்கில இருந்து. ஓடுபாதைக்குக் கிட்டத்தட்டக் குறுக்கால வருது.

விமானம் காற்றுக்கு எதிராகத்தான் இறங்க வேணும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்குக் காற்று. அப்ப 23-இல, அதாவது தென்மேற்கைப் பாத்து இறங்கோணும் எண்டா, கரையைத் தாண்டாமல் கடலுக்கு மேலாலயே கிழக்கே போய், வல்வெட்டித்துறைக்கு வெளியில வலப்பக்கம் திரும்பி வரோணும். மாரியில வடகிழக்குக் காற்று. அப்ப 05. குடாநாட்டுக்கு மேலால சங்கானை, அராலிப் பக்கம் வந்து இடப்பக்கம் திரும்பி இறங்கும். இரண்டிலயும் 8 முதல் 15 மைல் வரை கூடும். காற்று மெல்லிசா இருந்தால் விமானி வசதியான பக்கத்தைக் கேட்டு வாங்கலாம், அப்ப ஓரிரு நிமிடம் மிச்சம்.

திசைகாட்டி (#6)

திருச்சிப் பக்கமும் அதே கதைதான். அங்கே ஓடுபாதை 09/27. கிழக்கு நோக்கிக் கிளம்பினால் 126-க்குத் திரும்ப லேசான வலத் திருப்பம் போதும். ஆடிக் காற்றில் 27-இல் கிளம்ப வேண்டியிருக்கும். மேற்கே போய், ஏறி, பாதிவட்டத்துக்கு நெருக்கமாகத் திரும்பி வர வேண்டும். 3–4 நிமிடம் அங்கேயே போய்விடும். ஆடி மாதத்தில் திருச்சியில் மேற்கு நோக்கிக் கிளம்பி, பலாலியில் வல்வெட்டித்துறைப் பக்கம் சுற்றி இறங்குவதுதான் இருப்பதிலேயே நீண்ட பாதை. 32 நிமிடம் அன்றைக்கு 38, 40 ஆகும்.

இன்னொன்று: நேர்கோட்டுக்கு வடக்கே சுமார் 20 கி.மீ.யில் தஞ்சாவூர் விமானப் படைத் தளம் இருக்கிறது. அங்கே பயிற்சி நடக்கும் வேளையில் கட்டுப்பாட்டு அறை உயரத்தையோ திசையையோ மாற்றிக் கொடுக்கலாம். வரைபடத்தில் கோடு போட்டு 184 என்று சொல்வது குறைந்தபட்சத் தூரம். பறக்கும் தூரம் 200–215 கி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது.

மலைக்கோட்டை 83 (#7)

காற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள். போகும்போதும் வரும்போதும் காற்றால் எவ்வளவு வித்தியாசம் வரும்? வளைகுடா விமானங்களில் அரை மணி நேரம்கூட மாறுகிறதே.

பறப்புத் திட்டம் (#8)

இங்கே அது பெரிதாகத் தெரியாது. மேற்கிலிருந்து 25 நாட் காற்று என்று வையுங்கள், திசை 260. போகும்போது அதில் 17 நாட் அளவு பின்னால் தள்ளும், திரும்பும்போது அதே அளவு எதிர்க்கும். சராசரி 240 நாட் என்றால் 99 மைலுக்குப் போகும்போது 23 நிமிடம், திரும்பும்போது 26–27. வித்தியாசம் மூன்றரை நிமிடம். நான்கு மணி நேரம் பறந்தால்தான் இந்த மூன்றரை பெருகி அரை மணி ஆகும். இந்தத் தடத்தில் காற்று நேரத்தைத் தின்பது எந்தப் பக்கம் கிளம்பி எந்தப் பக்கம் இறங்குவது என்பதைத் தீர்மானிப்பதால்தான்.

கணக்குப்பிள்ளை (#9)

எனக்கு இதில் ஒரு இடம் உதைக்கிறது. சென்னை – பலாலி 354 கி.மீ., அதாவது 191 கடல் மைல். 2024 செப்டம்பரில் அதே இண்டிகோ அந்தத் தடத்தைத் தொடங்கியபோது போட்ட நேரம் சுமார் 1 மணி 15 நிமிடம். திருச்சியைவிட 92 மைல் அதிகம், நேரம் மட்டும் 15 நிமிடம் அதிகம். 92 மைலை 15 நிமிடத்தில் கடக்க 368 நாட் வேண்டும். ஏ.டி.ஆர். எந்தக் காலத்திலும் அந்த வேகம் போகாது. அதுவும் சென்னையில் விமானம் தரையில் ஓடுகிற நேரம் திருச்சியைவிட அதிகம். ஆக, திருச்சி நேரத்தில் தேவைக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 50 நிமிடம் போதும். 10 நிமிடம் தாமதமானாலும் "சரியான நேரத்தில் வந்தது" என்று கணக்குக் காட்டத்தானே இது?

பறப்புத் திட்டம் (#10)

கணக்கு சரி. இடைவெளி அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 92 மைலுக்கு 21 நிமிடம் கூட வேண்டும், 15 தான் கூடியிருக்கிறது. ஆனால் காரணத்தை நேரம் தவறாமைப் பட்டியலில் மட்டும் தேடக் கூடாது.

99 மைலுக்குள் இந்த விமானம் எத்தனை பேரிடம் பேச வேண்டும் என்று பாருங்கள். திருச்சித் தரைக் கட்டுப்பாடு, கோபுரம், அணுகுக் கட்டுப்பாடு, சென்னைப் பகுதிக் கட்டுப்பாடு, பிறகு எல்லையில் கொழும்பு, கடைசியில் பலாலிக் கோபுரம். சென்னை வான்தகவல் வட்டாரத்திலிருந்து கொழும்பு வட்டாரத்துக்கு விமானம் எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் எல்லையைக் கடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். நீண்ட தடத்தில் இதைப் பறந்துகொண்டே செய்துவிடலாம். இங்கே கிளம்பிய கால் மணியில் எல்லை வந்துவிடும் என்பதால் தரையில் நிற்கும்போதே செய்ய வேண்டும். ஒப்புதல் 7 நிமிடம் தாமதமானால் அந்த 7 நிமிடமும் கட்டை எடுத்த பிறகு காத்திருப்பாகவே போகும். நீண்ட தடத்தில் கொஞ்சம் வேகம் கூட்டிச் சரிக்கட்டலாம். 5 நிமிட மட்டப் பறப்பில் எதைக் கூட்டுவது? தூரம் குறையக் குறைய இடைவெளி விகிதம் கூடுவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது, அதே விமானம் திரும்பி வந்து வேறு ஊருக்குப் போக வேண்டும். பலாலியில் தாமதமானால் அன்று மாலை வரை எல்லாத் தடமும் சரியும்.

கணக்குப்பிள்ளை (#11)

மட்டப் பறப்பில் சரிக்கட்ட முடியாது என்ற காரணத்தை ஏற்கிறேன். 50 நிமிடம் என்று சொன்னதை 55 ஆக்கிக்கொள்கிறேன். அதற்கு மேல் ஏற மனம் ஒப்பவில்லை.

சுன்னாகம் வடக்கு (#12)

நேரத்தை விட்டிட்டு ஒரு விசயம், பயணப்பொதி. இந்தத் தடத்தில பலபேர் அதிலதான் சிக்குப்படுகினம். ஏ.டி.ஆர். 72-600 ஏற்றக்கூடிய மொத்தச் சுமை சுமார் ஏழரை தொன். 78 பேருக்கு ஆளுக்கு 75 கிலோ எண்டா 5,850 கிலோ. மிச்சம் 1,650. ஆளுக்கு 21 கிலோ. எல்லாரும் 30 கிலோ கொண்டுவந்தால் பொதி மட்டும் 2,340, அறுநூறு எழுநூறு கிலோ கூட. பெரிய ஜெட் விமானத்துக்குக் குடுக்கிற அளவை மனசில வைச்சுக் கட்டாதேங்கோ. டிக்கெட்டில என்ன அளவு போட்டிருக்கோ அதுக்குள்ள கட்டுங்கோ. கூடக் கொண்டுபோறதெண்டா முன்கூட்டியே காசு கட்டி உறுதிப்படுத்துங்கோ. கவுண்டரில காசு கட்ட நீங்கள் தயார் எண்டாலும் விமானத்தில இடமும் நிறையும் இருக்க வேணும்.

கைப்பெட்டியும் அப்பிடித்தான். மேல்தட்டு சின்னன். சக்கரம் வைச்ச கடினப் பெட்டி உள்ள போகாது, வாசலில வாங்கி முன்பக்கப் பொதியறையில போடுவினம். மருந்து, கடவுச்சீட்டு, நகை எல்லாத்தையும் தனிச் சின்னப் பையில எடுத்து வைச்சிருங்கோ. பொதியறை முன்னுக்கு, ஆக்கள் ஏறுற கதவு பின்னுக்கு. கெதியா இறங்கோணும் எண்டால் பின்வரிசை இருக்கையை எடுங்கோ.

மலைக்கோட்டை 83 (#13)

பின்வரிசைத் தகவல் உதவும். பெரிய விமானத்தில் முன்வரிசைக்குக் கூடக் காசு கொடுத்துப் பழகியவர்கள் இதிலும் அப்படியே எடுத்துவிடுவார்கள்.

பலாலிக்கு ஏன் பெரிய விமானம் விடுவதில்லை?

திசைகாட்டி (#14)

ஓடுபாதையின் நீளம்தான் காரணம். 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, அந்த நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வழக்கமான சேவையைத் தொடங்கியபோதும் ஏ.டி.ஆர். தான். கொரோனாவில் நின்று 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கியபோதும் அதே. முழுச் சுமையில் ஏ.டி.ஆர். கிளம்ப, கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் சுமார் 1,300 மீட்டர் போதும். ஏ320 வகைக்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும்.

அந்த 1,300-ம் 15 டிகிரிக்கான எண். பங்குனி, சித்திரை நண்பகலில் 35 டிகிரி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, இறக்கையும் எஞ்சினும் அதில் கொஞ்சம் குறைவாகவே வேலை செய்யும், ஓட்டம் நீளும். ஓடுபாதை நனைந்திருந்தால் நிற்கும் தூரமும் கூடும். அப்போது சுமையைக் குறைத்துத்தான் கிளம்ப வேண்டும். முதலில் குறைப்பது பயணப் பெட்டியைத்தான், ஆளை இல்லை. நிரம்பிய விமானத்தில் பெட்டி அடுத்த நாள் வந்தது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்.

உறையூர்க்காரன் (#15)

வீட்டு வாசலிலிருந்து வாசல் என்று பார்த்தால் என்ன நேரம் ஆகும்? நாகப்பட்டினம் கப்பலும் இருக்கிறதே, ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?

பறப்புத் திட்டம் (#16)

நேரடி விமானம்: சர்வதேசப் புறப்பாடு என்பதால் 3 மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். 2 மணி 15 நிமிடத்துக்குக் குறைக்க வேண்டாம். இமிக்ரேஷனில் அதே நேரத்தில் சிங்கப்பூர், துபாய்க் கூட்டம் நின்றால் வரிசை நீளும். விமானம் 1 மணி. அங்கே குடிவரவு, பெட்டி, சுங்கம் சேர்த்து 45 நிமிடம். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் சுமார் 16 கி.மீ., 35–40 நிமிடம். மொத்தம் ஐந்தரை மணிக்குள்.

கப்பல்: நாகப்பட்டினம் – காங்கேசன்துறை 60 கடல் மைல், சுமார் 4 மணி நேரம். திருச்சியிலிருந்து நாகைக்குச் சாலையில் 140 கி.மீ. அளவு, 3 மணி நேரம். துறைமுகத்தில் முன்பின் காத்திருப்பு 3 மணி நேரமாவது. மொத்தம் 10 மணி நேரத்துக்கு மேல். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சேவையே இருக்காது.

கொழும்பு வழி: திருச்சி – கட்டுநாயக்க 417 கி.மீ. விமானம் ஒரு மணி நேரம்தான். ஆனால் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாலையில் 350 கி.மீ.க்கு மேல், 7 மணி நேரம். சென்னை வழியென்றால் 294-ம் 354-ம் கூட்டி 648 கி.மீ., நேரடித் தூரத்தைப் போல மூன்றரை மடங்கு. உள்நாட்டு முனையத்திலிருந்து சர்வதேச முனையத்துக்கு மாற குறைந்தது 3 மணி நேரம் இடைவெளி வைக்க வேண்டும்.

நேரடி விமானம் ஓடாத நாளில் இந்த மூன்றில் எதுவும் ஒன்றுக்கொன்று பெரிய மேல் இல்லை. முதியவர்கள் கூட வந்தால் சென்னை வழியைச் சொல்வேன், சாலையில் உட்கார வேண்டாம்.

சுன்னாகம் வடக்கு (#17)

காங்கேசன்துறை இறங்குதுறையும் பலாலியும் நாலு அஞ்சு கிலோமீட்டர் இடைவெளிதான். அதால போறது கப்பலில, வாறது விமானத்தில எண்டு வைச்சாலும் யாழ்ப்பாணப் பக்கத்து வாகன ஏற்பாடு மாறாது.

உறையூர்க்காரன் (#18)

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் அழைத்துப் போக வருகிறவர்களுக்கு டிக்கெட்டில் உள்ள இறங்கு நேரத்துக்குப் பிறகு 40 நிமிடம் கழித்து வெளிவாசலுக்கு வரச் சொல்கிறேன். சரிதானே?

பறப்புத் திட்டம் (#19)

சரி. ஆனால் இறங்கு நேரத்தை மட்டும் பார்க்க வேண்டாம். விமானத் தடம் காட்டும் செயலியில், அந்த விமானம் திருச்சிக்கு வருவதற்கு முந்தைய பயணம் எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். அதிலிருந்து 40 நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டிய கட்டாயம் இருந்தால் தாமதம் ஆகலாம். கிளம்பிவிட்டது என்று காட்டியதும் 35 முதல் 40 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், தரையில் இருக்கும். கடலுக்கு மேல் சில நிமிடம் விமானம் திரையிலிருந்து மறைந்தால் பயப்பட வேண்டாம். உயரம் குறைவு, தரையிலுள்ள வாங்கிக்குச் சமிக்ஞை எட்டவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

கணக்குப்பிள்ளை (#20)

நேர வித்தியாசம் பற்றி யாரும் சொல்லவில்லை. 2006 ஏப்ரலிலிருந்து இலங்கையும் இந்தியாவும் ஒரே 5:30. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் நேரடியாகக் கழிக்கலாம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அட்டவணை மாறும். இரண்டு பக்கப் பயணமும் அந்தத் தேதியின் இருபுறமும் விழுந்தால் திரும்பும் நேரத்தை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.